மறைத்தாலும் செய்தி, மறைக்காவிட்டாலும் செய்தி... ரோம் வீனஸின் கதை!

2016, ஜனவரி 25. ரோம் நகரின் கேபிட்டோலின் குன்றில் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு அன்று ஒரு வி.ஐ.பி வருகிறார். ஈரான் அதிபர் ஹசன் ரூஹானி. அணுசக்தி விவகாரத்தில் ஈரான் மீதிருந்த பொருளாதாரத் தடைகள் நீங்கி பத்து நாள்கூட ஆகவில்லை. அதன் பிறகு ஐரோப்பாவுக்கு அவர் எடுத்து வைக்கும் முதல் அடி இத்தாலிக்கு. சுமார் 1,700 கோடி யூரோ மதிப்பிலான ஒப்பந்தங்கள் பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. இத்தாலி அரசு எவ்வளவு பார்த்துப் பார்த்து ஏற்பாடு செய்திருக்கும் என்று சொல்லவா வேண்டும்? விருந்தில் ஒயின்கூட கிடையாது.

இத்தாலியப் பிரதமர் மத்தேயோ ரென்சியும் ரூஹானியும் மார்கஸ் ஆரேலியஸ் பேரரசரின் பிரமாண்டமான வெண்கலக் குதிரைச் சிலைக்குப் பக்கத்தில் நின்று செய்தியாளர்களைச் சந்தித்தார்கள். கேமராக்கள் படம் பிடித்தது அவர்களை மட்டுமல்ல. அதே அருங்காட்சியகத்தில் ஆளுயரத்துக்கு வரிசையாக நின்றிருந்த வெள்ளைப் பெட்டிகளையும்தான். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு பழங்காலச் சிலை. குற்றம், உடம்பில் துணி இல்லாதது.

படம் வெளியான கையோடு இத்தாலி கொதித்துவிட்டது. 'வந்தவருக்காக நம் வரலாற்றையே மூடி வைப்பீர்களா?' என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. சமூக வலைதளங்களில் நிர்வாணச் சிலைகளின் படங்களாகப் போட்டுத் தள்ளினார்கள். கலாசார அமைச்சர் டாரியோ ஃபிரான்செஸ்கினி, 'இது புரிந்துகொள்ள முடியாத முடிவு, எனக்கும் தெரியாது, பிரதமருக்கும் தெரியாது' என்றார். அப்படியானால் யார்தான் சொன்னது? பிரதமர் அலுவலகம் விசாரணை அறிவித்தது. ரூஹானியோ, தான் அப்படி எதுவும் கேட்கவில்லை என்ற தொனியில் சிரித்தபடி பேசி, இத்தாலியர்களின் விருந்தோம்பலுக்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போனார். கேட்டவரும் இல்லை, உத்தரவு போட்டவரும் இல்லை, பெட்டி மட்டும் வந்திருக்கிறது. அரசு அலுவலகம் எந்த நாட்டிலும் அரசு அலுவலகம்தான்!

எந்தெந்தச் சிலைகள் மூடப்பட்டன என்பதில் செய்திகள் ஆளுக்கொன்று சொன்னாலும், உலகம் முழுக்கச் சுற்றி வந்த பெயர் ஒன்றுதான். கேபிட்டோலின் வீனஸ். இத்தனைக்கும் அவளுடைய சொந்த அறை இருப்பது அந்தச் செய்தியாளர் சந்திப்பு நடந்த கூடத்தில் இல்லை. சதுக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் மாளிகையில். ஆனாலும் 'மூடப்பட்ட சிலை' என்றதும் எல்லோருக்கும் அவள் ஞாபகம் வந்ததற்குக் காரணம் உண்டு. மூடுவதும் திறப்பதும் அவள் கதையில் புதிதே இல்லை.

யார் இந்த வீனஸ்?

ரோமானியர்களின் காதல் தேவதை. கிரேக்கர்கள் 'அஃப்ரோடைட்டி' என்று கும்பிட்டவளை ரோமானியர்கள் 'வீனஸ்' என்றார்கள். வெறும் காதலுக்கு மட்டுமான தெய்வம் என்று நினைத்துவிட வேண்டாம். ஜூலியஸ் சீசர், 'என் வம்சமே வீனஸிடமிருந்து வந்ததுதான்' என்று சொல்லிக்கொண்டவர். கி.மு. 46-ல் அவளைக் குல மூதாதையாகக் கொண்டாடி ரோம் நகரின் நடுவில் ஒரு கோயிலே கட்டினார். அந்தக் கோயிலில் தேவியின் பக்கத்தில் கிளியோபாட்ராவுக்கும் ஒரு சிலை வைத்தார் என்று அப்பியன் என்ற வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார். மனைவி கல்பூர்னியா அதற்கு என்ன சொன்னார் என்பதுதான் அதில் இல்லை.

நமக்கும் வீனஸ் அந்நியமானவள் இல்லை. வானத்தில் விடியலில் பளிச்சென்று மின்னுகிறதே வெள்ளி, அதுதான் வீனஸ் கோள். நாம் வெள்ளிக்கிழமை என்பதை இத்தாலியர்கள் 'வெனெர்தி' என்கிறார்கள். அர்த்தம், வீனஸின் நாள். கிழமைக்குக் கோள்களின் பெயரை வைக்கும் பழைய பழக்கம் அங்கேயும் இங்கேயும் ஒன்றுபோல ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கேபிட்டோலின் வீனஸ் பளிங்கில் செய்தவள். பாரோஸ் தீவின் உயர்ரகப் பளிங்காக இருக்கலாம் என்கிறார்கள். உயரம் 193 சென்டிமீட்டர். கி.பி. 2-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவள் என்பது பரவலான கருத்து. குளித்துவிட்டோ, குளிக்கப் போகும்போதோ யாரோ வரும் சத்தம் கேட்டதுபோல ஒரு நிலை. வலது கை மார்பை மறைக்க வருகிறது. இடது கை கீழே. தலை லேசாக ஒரு பக்கம் திரும்பியிருக்கிறது. கூந்தலின் ஒரு பகுதியை உச்சியில் முடிச்சாகக் கட்டி, மீதியைத் தோளில் விட்டிருக்கிறாள். பக்கத்தில் ஒரு உயரமான தண்ணீர் ஜாடி, அதன் மேல் அவிழ்த்துப் போட்ட துணி.

அந்த ஜாடியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அழகுக்காக மட்டும் வைத்தது இல்லை. பளிங்கு பாரம் தாங்கும், ஆனால் மெலிந்த இடத்தில் சட்டென்று ஒடியும். இரண்டு மீட்டர் கல் மொத்தமும் இரண்டு கணுக்கால்களில் நின்றால் என்ன ஆகும்? வெண்கலச் சிலை என்றால் உள்ளே கூடு, கவலையில்லை. பளிங்கில் செதுக்குகிறவர்தான் காலோடு ஒட்டி எதையாவது நிறுத்தியாக வேண்டும். பழைய பளிங்குச் சிலைகளில் காலுக்குப் பக்கத்தில் மரத்தண்டு, டால்பின், ஜாடி என்று ஏதாவது ஒன்று சம்பந்தமில்லாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதெல்லாம் முட்டுக்கொடுத்தல்தான். இந்தச் சிற்பி கெட்டிக்காரர். முட்டுக்கட்டையைக் கதைக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார். குளியல் என்றால் ஜாடி இருக்காதா?

கடன் வேண்டாம், சிலை போதும்!

இவள் தானாகத் தோன்றியவள் இல்லை. இவளுக்கு ஒரு மூத்தவள் உண்டு. கி.மு. 4-ம் நூற்றாண்டில் பிராக்ஸிடெலிஸ் என்ற கிரேக்கச் சிற்பி அஃப்ரோடைட்டிக்கு இரண்டு சிலைகள் செய்தாராம். ஒன்றில் தேவி உடையோடு. இன்னொன்றில் உடையில்லாமல். அதுவரை கிரேக்கத்தில் ஆண் தெய்வங்களைத்தான் நிர்வாணமாகச் செதுக்குவார்கள். பெண் தெய்வத்தைக் கோயிலில் வைக்கும் ஆளுயரச் சிலையாக அப்படிச் செய்தது புது விஷயம். வாங்க வந்த கோஸ் தீவுக்காரர்கள் இரண்டையும் பார்த்தார்கள். விலையும் ஒன்றுதான். 'நமக்கு எதற்கு வம்பு' என்று உடையணிந்த சிலையை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் விட்டதை நைடோஸ் ஊர்க்காரர்கள் வாங்கினார்கள். இன்றைய துருக்கியின் தென்மேற்கு முனையில் இருந்த துறைமுக நகரம் அது.

ரோமானிய எழுத்தாளர் பிளினி சொல்லும் கதை இது. அதற்குப் பிறகு நடந்ததையும் அவரே சொல்கிறார். நைடோஸ் சிலையைப் பார்ப்பதற்கென்றே கப்பல் ஏறி ஆட்கள் வந்தார்கள். எந்தப் பக்கமிருந்தும் பார்க்கும்படி திறந்த கோயிலில் வைத்திருந்தார்கள். நிக்கோமிடிஸ் என்ற அரசன், 'சிலையைக் கொடுங்கள், உங்கள் நகரத்தின் மொத்தக் கடனையும் நான் அடைக்கிறேன்' என்றான். கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தும் ஊர்க்காரர்கள் மறுத்துவிட்டார்கள். இந்த வீனஸ் கதையில் வரும் அத்தனை பேரம்பேசிகளிலும் மரியாதைக்குரியவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான். கோஸ் வாங்கிப் போன 'பாதுகாப்பான' சிலைக்கு அந்தப் பேர் கடைசிவரை கிடைக்கவில்லை.

ஒரு சந்தேகம் வரலாம். பழைய சிலை என்றால் வெறும் வெள்ளைக் கல்தானே? இல்லை. அந்தக் காலத்தில் பளிங்குச் சிலைக்கு வண்ணம் பூசுவார்கள். 'உங்கள் சிலைகளில் உங்களுக்குப் பிடித்தது எது?' என்று கேட்டால், 'நிக்கியாஸ் கைவைத்தவை' என்பாராம் பிராக்ஸிடெலிஸ். நிக்கியாஸ் ஓவியர். வண்ணமெல்லாம் காலப்போக்கில் போய்விட, பிற்கால ஐரோப்பா 'வெள்ளைதான் அழகு' என்று நம்பிக்கொண்டது தனிக்கதை.

நைடோஸ் சிலை இன்று இல்லை. பிற்காலத்தில் கான்ஸ்டான்டினோபிளுக்கு, அதாவது இன்றைய இஸ்தான்புல்லுக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கே தீ விபத்தில் அழிந்தது என்று சொல்லப்படுகிறது. அப்படியானால் அது எப்படி இருந்தது என்று எப்படித் தெரியும்? நாணயத்தால்! ரோமானியர் ஆட்சிக்காலத்தில் நைடோஸ் நகரம் வெளியிட்ட காசுகளில் அந்தச் சிலையின் உருவத்தைப் பொறித்திருந்தார்கள். அதை வைத்துத்தான் அருங்காட்சியகங்களில் இருக்கும் பளிங்குகளில் எவை அதன் நகல் என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள்.

கேபிட்டோலின் வீனஸ் நேர் நகல் இல்லை. மூத்தவள் ஒரு கையால் மட்டும் மறைத்தாள். மறுகையில் துணி. தங்கைக்கு இரண்டு கைகளும் மறைப்பதிலேயே போய்விடுகின்றன. நைடோஸ் சிலைக்குச் சில தலைமுறைகளுக்குப் பிறகு யாரோ ஒரு கிரேக்கச் சிற்பி செய்த மாறுதல், அதன் ரோமானியப் பிரதிதான் இவள் என்கிறார்கள். இந்த மாதிரியில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட பிரதிகள் உலகத்தில் இருக்கின்றன. வசதியான ரோமானியர்கள் வீட்டுத் தோட்டத்துக்கும் குளியல் மண்டபத்துக்கும் ஆர்டர் கொடுத்து வாங்கினார்கள். நகலெடுப்பது பெரிய தொழில். நேப்பிள்ஸுக்குப் பக்கத்தில் பாயே என்ற ஊரில் 1954-ல் பழைய பிளாஸ்டர் அச்சுத் துண்டுகள் குவியலாகக் கிடைத்தன. கிரேக்க வெண்கலச் சிலைகளிலிருந்து எடுத்த அச்சுகள். அவற்றைப் பார்த்து அளவெடுத்து ரோமானியப் பட்டறைகளில் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள்.

சுண்ணாம்பாகாமல் தப்பியவள்

ரோம் சாம்ராஜ்யம் சரிந்த பிறகு பளிங்குச் சிலைகளுக்கு வந்த பெரிய எதிரி, படையெடுப்பு அல்ல. சூளை. பளிங்கைச் சூளையில் போட்டுச் சுட்டால் சுண்ணாம்பு கிடைக்கும். கட்டடம் கட்டுகிறவர்களுக்கு ரோம் நகரமே சுண்ணாம்புச் சுரங்கமாகத் தெரிந்தது. பல நூற்றாண்டுகள் சிலைகளும் தூண்களும் கோயில் சுவர்களும் சூளைக்குப் போயின. வெண்கலச் சிலைகளை உருக்கினார்கள். ரூஹானிக்குப் பக்கத்தில் நின்ற மார்கஸ் ஆரேலியஸ் குதிரைச் சிலை தப்பியதே, 'இவர் கிறிஸ்தவத்தை ஆதரித்த கான்ஸ்டன்டைன் பேரரசர்' என்று தவறாக நினைத்ததால்தான்.

வீனஸ் தப்பியது, யார் கண்ணிலும் படாமல் இருந்ததால். 1670-களில், போப் பத்தாம் கிளமென்ட் காலத்தில், ரோமில் சான் விட்டாலே தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஸ்டாட்சி என்ற குடும்பத்தின் தோட்டத்தில் அவள் வெளியே வந்தாள். பழங்கால அறைகளுக்குள் வேறு சில சிலைகளோடு இருந்தாள் என்று அந்தக் காலத்தில் வாழ்ந்த பியெத்ரோ சாந்தி பார்தோலி குறித்து வைத்திருக்கிறார். மூக்கு, சில விரல்கள், ஒட்டவைத்த ஒரு கை தவிர பெரிய சேதமில்லை. பழங்காலச் சிலை என்றாலே கை இல்லாமல், தலை இல்லாமல் கிடைக்கும் உலகத்தில், கையால் மறைப்பதே அடையாளமான ஒரு சிலை, இரண்டு கைகளோடும் கிடைத்தது பெரிய அதிர்ஷ்டம். பாரிஸின் புகழ்பெற்ற மைலோ வீனஸுக்கு அது வாய்க்கவில்லை.

1752-ல் போப் பதினான்காம் பெனடிக்ட் அவளை அந்தக் குடும்பத்திடமிருந்து விலைக்கு வாங்கி கேபிட்டோலின் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். ஆமாம், நிர்வாணமான ஒரு பழைய மதத்துப் பெண் தெய்வத்தைக் காசு கொடுத்து வாங்கி மக்கள் பார்வைக்கு வைத்தது ஒரு போப்! 2016-ல் பெட்டிகளைப் பார்த்துக் கோபப்பட்ட இத்தாலியர்களுக்கு இந்தத் தகவல் கைகொடுத்திருக்கும்.

அடுத்து வந்தவர் நெப்போலியன். 1797-ல் போப்பின் அரசு தோற்று டொலென்டினோ ஊரில் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, பிரெஞ்சுக்காரர்கள் தேர்ந்தெடுத்த கலைப்பொருள்களை ஒப்படைக்க வேண்டும். அந்தப் பட்டியலில் வீனஸும் இருந்தாள். மாட்டு வண்டிகளிலும் கப்பலிலும் படகுகளிலும் ரோமின் சிலைகள் பாரிஸ் போய்ச் சேர்ந்தன. 1798 ஜூலையில் அவற்றை வைத்துப் பெரிய வெற்றி ஊர்வலமே நடத்தினார்கள். ரோமில் வீனஸ் நின்ற இடத்தில் ஒரு பிளாஸ்டர் அச்சு நின்றது. நெப்போலியனோ, அசல் கையில் இருக்கும்போதே ஜோசப் ஷினார்ட் என்ற சிற்பியிடம் பளிங்கில் இன்னொரு நகலுக்குச் சொன்னார். பிறகு அசல் திரும்பிப் போய்விடும் என்று முன்கூட்டியே தெரிந்ததுபோல!

வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றதும், போப்பின் தூதராக பாரிஸ் போனவர் அந்தக் காலத்தின் தலைசிறந்த சிற்பி அன்டோனியோ கனோவா. கெஞ்சியும் வாதாடியும், ஆங்கிலேயரின் ஆதரவோடு பல பொருள்களை மீட்டார். 1816-ல் வீனஸ் ரோம் திரும்பினாள்.

திரும்பியவளுக்கு அருங்காட்சியகத்தில் ஒரு தனி அறை தயாரானது. பல பக்கச் சுவர்கள் கொண்ட சின்ன அறை, நடுவில் அவள் மட்டும். இன்று பார்க்கிறவர்களுக்கு அது சிறப்பு மரியாதையாகத் தெரியும். ஆனால் 19-ம் நூற்றாண்டின் பயண வழிகாட்டிப் புத்தகங்கள் அதை 'ஒதுக்கப்பட்ட அறை' என்றே குறிப்பிட்டன. எல்லோரும் பார்க்கும் கூடத்தில் இவள் வேண்டாம் என்ற நினைப்பு. வாங்கிக் கொடுத்தவரே போப் என்றாலும், அடுத்தடுத்த தலைமுறைகளுக்குக் கூச்சம் ஏறிக்கொண்டே போயிருக்கிறது.

ரஷ்யாவில் நடந்தது இன்னும் வேடிக்கை. ரோமில் கிடைத்த இன்னொரு வீனஸை, இதே சாயலில் இருப்பவளை, பீட்டர் பேரரசர் 1718 வாக்கில் வாங்கி செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கோடைத் தோட்டத்தில் வைத்தார். ஊரார் அதுவரை அப்படி ஒரு சிலையைப் பார்த்ததில்லை. கோபத்தில் யாராவது உடைத்துவிடுவார்களோ என்று பக்கத்தில் ஒரு காவலாளியை நிறுத்தினார்கள். அங்கே மூடவில்லை, ஒதுக்கவில்லை, துப்பாக்கியோடு ஒரு ஆளை நிறுத்திவிட்டார்கள்! டாரைட் வீனஸ் என்ற பெயரில் அவள் இப்போது ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறாள்.

அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் இவளை விட்டுவைப்பாரா? 'கேபிட்டோலின் வீனஸ்' என்ற பெயரிலேயே ஒரு கிண்டல் கதை எழுதினார். ரோமில் பிழைக்க வழியில்லாத ஒரு அமெரிக்கச் சிற்பி. அவர் செய்த சிலையின் மூக்கையும் விரல்களையும் காலையும் நண்பர் உடைத்து, மண்ணில் புதைத்து, பிறகு தோண்டியெடுக்க வைக்கிறார். நிபுணர் குழு கூடி, 'ஆஹா, பழங்காலப் பொக்கிஷம்' என்று சான்றிதழ் கொடுக்க, கொட்டுகிறது பணம். முழுசாக இருந்தவரை சீந்த ஆளில்லாத சிலை, உடைந்ததும் கோடிக்குப் போகிறது.

நெப்போலியனுக்குப் பிறகு வீனஸ் ரோமைவிட்டு வெளியே போனது ஒரே ஒரு முறை என்கிறார்கள். 2011 ஜூன் முதல் செப்டம்பர் வரை, வாஷிங்டனின் தேசியக் கலைக்கூடத்துக்கு. அங்கே எந்தச் சர்ச்சையும் இல்லை. வரிசையில் நின்று பார்த்தார்கள், அவ்வளவுதான்.

2016-ல் ரூஹானி ரோமிலிருந்து பாரிஸுக்குக் கிளம்பிப் போன பிறகு, வெள்ளைப் பெட்டிகளும் கிளம்பின. பெட்டிகளை யார் வைக்கச் சொன்னது என்ற சண்டை சில நாள்கள் பத்திரிகைகளில் ஓடி, ஓய்ந்தது. ரோமுக்குப் போகிறவர்கள் மைக்கேலாஞ்சலோ வடிவமைத்த அந்தச் சதுக்கத்தில் இறங்கி, இடதுபக்க மாளிகையின் முதல் மாடிக்குப் போனால், நீளமான கூடத்தின் ஓரத்தில் அந்தச் சின்ன அறை வரும். 'ஒதுக்கப்பட்ட அறை' என்ற பெயரெல்லாம் இப்போது இல்லை. கதவும் திறந்தே இருக்கிறது. வாசலில் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி யாராவது நின்றுகொண்டிருப்பார்கள். அவள் வழக்கம்போல வேறு பக்கம் திரும்பியிருப்பாள்.